சாம்பலில் கொஞ்சம் மஞ்சள்

ட்யூப்லைட் வெளிச்சத்தில் எந்த நிறத்தையும் நம்பக் கூடாது என்பது பேபியின் கட்சி. புடவைக் கடைக்குப் போனாலும், எடுத்த புடவையை வாசல்வரை கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை விரித்துப் பார்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். கடைப் பெண்கள் சந்தேகத்தோடு பின்னாலேயே வருவார்கள். பேபி கண்டுகொள்ள மாட்டாள். உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம் என்று தெரிந்தால் புடவையை மடித்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவாள்.

நிறம் பார்த்தே சோறு தின்றவள் அவள். பல்லாவரத்தை அடுத்த நாகல்கேணியில் ஒரு தோல் கம்பெனியில் இருபத்தொரு வயதில் சேர்ந்தாள். முதல் பன்னிரண்டு வருஷம் ஸ்ப்ரே பிரிவில் எடுபிடி வேலை. அடுத்த பதின்மூன்று வருஷம் ஷேடு மேஜை. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலுக்கு அடியில் வெள்ளை டைல்ஸ் பதித்த மேஜை அது. வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பிய மாதிரித் துண்டை ஒரு கையிலும், கம்பெனியில் சாயமேற்றிய தோலை இன்னொரு கையிலும் பிடித்துப் பார்த்து, இரண்டும் சேருகிறதா சேரவில்லையா என்று சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் ஒரு லாட் முழுக்கக் கப்பலேறும். இல்லையென்றால் மறுபடி ஸ்ப்ரேக்குப் போகும்.

மாதிரித் துண்டுகளின் பின்னால் இங்கிலீஷில் நிறத்தின் பெயர் எழுதியிருக்கும். எட்டாம் வகுப்போடு நின்ற பேபியின் வாயில் அந்தப் பெயர்கள் நுழையவில்லை. அவளும் ஸ்ப்ரே பிரிவுத் தோழி தபீதாளும் சேர்ந்து வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்று கருப்பட்டி, ஒன்று ஈர மணல், ஒன்று பிஞ்சுக் கத்திரிக்காய், ஒன்று துருப்பிடித்த வாளி. கொஞ்ச நாளில் மானேஜரே துருப்பிடித்த வாளி லாட் முடிந்ததா என்று கேட்க ஆரம்பித்தார். மத்தியானம் டிபன் கேரியரைத் திறந்தால் குழம்புக்கும் ஷேடு சொல்வார்கள். தபீதாளின் மீன் குழம்பு என்றைக்கும் ஒரு கோட் அதிகம்தான். சாயங்காலம் இவர்கள் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஸீட்டில் இருப்பவர்கள் எழுந்து முன்னால் போய்விடுவார்கள். குளித்தாலும் போகாமல் தோல் வாடை முடிக்குள்ளேயே தங்கிவிடும். அப்போது அது வெட்கமாக இருந்தது. இப்போது செருப்புக் கடை ஒன்றைத் தாண்டும்போது அந்த வாடை லேசாக மூக்கில் பட்டால்கூடப் பேபிக்கு நடை தளர்ந்துவிடுகிறது.

கம்பெனி ராணிப்பேட்டைப் பக்கம் மாறியபோது பேபி கூடப் போகவில்லை. கணவர் ஆபேல் அதற்கு முன்பே இறந்துவிட்டார். மகள் சினேகா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். மாடம்பாக்கத்தில் சின்னதாக ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டு, சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய காலனிகளில் வீட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அப்படிக் கிடைத்ததுதான் லக்ஷ்மிநாராயணன் வீடு. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். ஒரே மகள் மிருதுளா. பேபி அங்கே வேலைக்கு வந்தபோது அவள் காலேஜில் படித்துக்கொண்டிருந்ததால் பாப்பா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. அவள் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குப் போய், முப்பது வயதைத் தாண்டிய பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.

அந்தப் பாப்பாதான் மாடியறைக்குப் பாம்பைக் கொண்டுவந்தாள்.

அமெரிக்காவில் சோளக்காடுகளில் திரிகிற ஜாதியாம். கார்ன் ஸ்னேக் என்று பெயர். விஷம் கிடையாது, எலி தின்னும், மனிதர்களைக் கண்டால் கூச்சப்படும் என்றெல்லாம் மிருதுளா எடுத்துச் சொன்னாள். லக்ஷ்மிநாராயணன் இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: அதற்குத் தீனியாக வரும் ஐஸ் எலிகள், வீட்டுப் பாலும் தயிரும் இருக்கும் ஃபிரிட்ஜுக்குள் வரக் கூடாது. அதனால் மாடிக்குத் தனியாக ஒரு குட்டி ஃபிரிட்ஜ் வந்தது. பேபியும் தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டாள். மாடிப்படி ஏற மாட்டேன், அந்த அறையை யார் பெருக்கினாலும் சரி.

அது நாலு மாசம் தாங்கியது. மிருதுளா ஸ்கூட்டியிலிருந்து விழுந்து கையில் கட்டுப் போட்டுக்கொண்டாள். தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றக்கூட ஆளில்லை என்று அவள் கெஞ்சியதில் பேபி மாடியறை வாசல்வரை போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது பாம்பு என்பதே ஒரு நிமிஷம் அவளுக்கு மறந்துபோயிற்று. செங்கல்லும் சந்தனமும் கலந்த முதுகு. அதன்மேல், கறுப்புக் கரை கட்டிய சிவப்புத் திட்டுகள், வரிசையாக. வயிற்றில் வெள்ளையும் கறுப்புமாகக் கட்டம். ஆட்டுத் தோலில் பாம்புத் தோல் மாதிரி அச்சு அடித்து இத்தாலிக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த லாட்டுகளுக்கு ஷேடு பார்த்து ஓகே சொன்னவள் இவள்தான். நிஜத்தில் இது எப்படி இருக்கும் என்று அப்போது ஒருநாளும் யோசித்ததில்லை. பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். அதன் பிறகு மாடிப்படி ஏறச் சொல்லி யாரும் அவளைக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

மிருதுளாவிடம் இருந்தது ஒரு ஜோடி. மூன்றாம் வருஷம் பெண் பாம்பு முட்டையிட்டது. இரண்டு மாசம் டப்பாவில் ஈரப் பாசிக்குள் சூடாக வைத்திருந்து, ஆடி மாசத்தில் பதினாலு குட்டிகள் வெளியே வந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், பென்சில் பருமன். குட்டிகள் முதல் சட்டை உரித்ததும் மிருதுளா அவற்றை நிறம் பார்த்துப் பிரிக்க உட்கார்ந்தாள். ஒரே வயிற்றில் பிறந்தாலும் நிறம் ஒன்றாக இருக்காது. எது எந்த வகை என்று தெரிந்தால்தான் வளர்க்கக் கேட்பவர்களிடம் சரியாகச் சொல்லிக் கொடுக்க முடியும். கறுப்பு மை இல்லாமல் பிறந்தால் அமெல். ஆரஞ்சும் சிவப்புமாக, சிவந்த கண்ணோடு இருக்கும். சிவப்பு மை இல்லாமல் பிறந்தால் அனெரி, சாம்பலும் கறுப்பும்தான். இரண்டும் இல்லாதது ஸ்னோ, கிட்டத்தட்ட வெள்ளை. பெருக்கிக்கொண்டிருந்த பேபி துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஸ்ப்ரே பிரிவில் கலவைச் சட்டியிலிருந்து ஒரு நிறத்தைக் குறைத்தால் நடப்பதும் இதுதானே.

மிருதுளா ஐந்து சாம்பல் குட்டிகளையும் அனெரி என்று எழுதி டப்பாவில் ஒட்டப் போனாள்.

"இன்னா பாப்பா, ரெண்டு லாட்ட ஒண்ணா கலந்து வச்சிகினு கீற?" என்றாள் பேபி.

எல்லாம் ஒரே சாம்பல்தானே அக்கா என்று மிருதுளா சிரித்தாள். பேபி இந்த வெளிச்சம் ஆகாது என்று விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து, ஐந்து டப்பாக்களையும் மாடியின் வடக்கு ஜன்னலுக்குக் கீழே வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் அடியில் வெள்ளை டிஷ்யூ விரித்தாள்.

"எட்த ஒடனே பாம்ப பாக்காத. மொதல்ல வெள்ளைய பாரு, கண்ணு ஆறட்டும். அப்பால பாரு."

மிருதுளா அப்படியே செய்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பேபி இரண்டு டப்பாவை மட்டும் தள்ளி வைத்தாள். இந்த இரண்டிலும் மஞ்சள் இழுக்கிறது, மற்ற மூன்றும் சுத்தச் சாம்பல் என்றாள். மிருதுளா நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. அந்த இரண்டுக்கும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு விட்டுவிட்டாள்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்த இரண்டு குட்டிகளும் வைக்கோல் நிறத்துக்கு வந்தன. பொங்கலுக்குள் வெல்லப்பாகு. காரமெல் என்று அதற்குப் பெயராம். குட்டியாக இருக்கும்போது அனெரியிலிருந்து பிரித்துச் சொல்வது அனுபவசாலிகளுக்கே சிரமமாம். தாய் தகப்பனுக்குள் அந்த நிறம் ஒளிந்திருந்தது ஜோடியை விற்றவருக்கே தெரியாது. பாம்பு வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் மிருதுளா இதை எழுதினாள். பேபி அக்கா யார், எங்கே படித்தவர் என்று நாலைந்து பேர் கேட்டார்கள். நாகல்கேணியில் என்று மிருதுளா பதில் போட்டாள்.

அதிலிருந்து வடக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் பேபிக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. வேலை முடிந்து அரைமணி நேரம் அதில் உட்காருவாள். குட்டிகளுக்குத் தபீதாளோடு சேர்ந்து வைத்த மாதிரியே பெயர் வைத்தாள். அமெல் பப்பாளியானது. அனெரி மழைக்காலத்து ரோடு. ஸ்னோ தேங்காய்ப் பத்தை. கை சும்மா இருக்க வாய் பழைய கதையைச் சொல்லும். கால்வாய்த் தண்ணீர் ஒருநாள் சிவப்பாகவும் ஒருநாள் ஊதாவாகவும் ஓடியதை, ஊதா ஓடினால் இன்றைக்கு லேடீஸ் பேக் லாட் என்று தெருப் பிள்ளைகளே சொன்னதை. ஆயுத பூஜையன்று ஸ்ப்ரே துப்பாக்கிக்கு எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு பொட்டு வைத்ததை. மகளிடம்கூட இவ்வளவு பேசியதில்லை. சினேகாவுக்கு அந்தக் கம்பெனி என்றால் அம்மாவின் முடியில் இருந்த நாற்றம்தான்.

ஒரு கதையை மட்டும் பேபி யாரிடமும் சொன்னதில்லை. அந்த மேஜைக்கு அவள் எப்படி வந்தாள் என்பது.

அடுத்த ஆடியில் பதினாறு குட்டிகள். ஆறு சாம்பல். பேபி ஜன்னலடியில் உட்கார்ந்து பார்த்து, ஐந்தில் மஞ்சள் இழுக்கிறது என்றாள். நாலில் ஒரு பங்குகூட வர வாய்ப்பில்லாத நிறம் இத்தனை எப்படி வரும் என்று மிருதுளாவின் கணக்கு இடித்தது. ஆனாலும் போன வருஷம் தான் பார்க்காததைப் பார்த்த கண்ணாயிற்றே என்று ஐந்துக்கும் காரமெல் என்றே எழுதி ஒட்டினாள். மேடவாக்கத்தில் ஓவியா என்று ஒரு பெண், குழுவில் பழக்கம். அவள் தன்னிடமிருந்த குட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு இரண்டு காரமெல்லை ஆசையாக வாங்கிப் போனாள்.

நாலு மாசம் கழித்து ஓவியாவிடமிருந்து செய்தி வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். குட்டிகள் நன்றாகத் தின்கின்றன, ஆரோக்கியமாக இருக்கின்றன, ஆனால் இரண்டும் சாம்பலாகவே வளர்கின்றன. வீட்டில் மீதி இருந்த மூன்றை மிருதுளா பார்த்தாள். ஒன்று மட்டும் வெல்லத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் மழைக்காலத்து ரோடேதான். பேபியிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரம் தள்ளிப்போட்டாள்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் காலை டப்பாக்களைச் சுத்தம் செய்யும்போது பேபி டிஷ்யூ கட்டைக் கையில் எடுத்துப் பார்த்து முகம் சுளித்தாள்.

"ஏன் பாப்பா மட்டமா வாங்கியாந்த? மஞ்சளா கீது."

"அதே கம்பெனிதான் அக்கா, எப்பவும் வாங்கறது." மிருதுளா கொஞ்சம் தயங்கினாள். "வெள்ளையாத்தான் இருக்கு."

பேபி டிஷ்யூவை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். அப்புறம் வெளியே காய்ந்துகொண்டிருந்த லக்ஷ்மிநாராயணனின் வேட்டியைப் பார்த்தாள். அதுவும் பழுப்பாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளாகவே அவர் வேட்டிக்கு நீலம் போதவில்லை என்று கூடக் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் கட்டிக்கொண்டிருந்தார். பேபி டிஷ்யூவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மிருதுளா ஓவியா விஷயத்தைச் சொன்னபோது அவள் பாதியைத்தான் காதில் வாங்கினாள். அவள் மனசு சவுரிமுத்து அண்ணனிடம் போய்விட்டிருந்தது.

சவுரிமுத்து அவளுக்கு முன்னால் ஷேடு மேஜையில் இருபது வருஷம் இருந்தவர். கோவளத்துக்காரர். அவர் சேரும் என்று சொன்ன லாட் திரும்பி வந்ததே இல்லை என்பார்கள். கடைசி ஒரு வருஷம் அவருக்கு ஒரு விசித்திரப் பழக்கம் வந்தது. மேஜை டைல்ஸ் மஞ்சளடித்துப் போயிற்று, பெருக்குகிறவள் சரியாகத் துடைப்பதில்லை என்று தினமும் குறை சொன்னார். வீட்டிலிருந்து சோப்புத் தூளும் தேங்காய் நாரும் கொண்டுவந்து காலையில் தானே தேய்த்தார். ஸ்ப்ரே பிரிவுக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பேபியும் சிரித்தாள்.

அப்படி ஒரு நாளில்தான் ஈர மணல் லாட் ஒன்றை அவர் ஓகே செய்தார். பெட்டியில் அடுக்கப் போன தோலைத் தற்செயலாகப் பார்த்த பேபிக்கு அது மஞ்சள் இழுப்பது பளிச்சென்று தெரிந்தது. நேரே அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்தான். அவள் மாதிரித் துண்டையும் தோலையும் எடுத்துக்கொண்டு மானேஜர் அறைக்குப் போனாள். அவள் சொன்னது சரி. லாட் நின்றது. அடுத்த வாரம் சவுரிமுத்து பேக்கிங் பிரிவுக்குப் போனார், பேபி மேஜைக்கு வந்தாள். அவர் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. தான் உட்கார்ந்த முக்காலிமேல் போட்டிருந்த மெத்தைத் துண்டை எடுத்துப் போகாமல் அங்கேயே விட்டுவிட்டுப் போனார். நாலு வருஷம் கழித்து அவருக்குப் பிரிவு உபசாரம் நடந்த அன்று பேபி வயிற்றுவலி என்று லீவு போட்டாள்.

அவர் கண் என்ன ஆயிற்று என்று அன்றைக்கு அந்தக் கம்பெனியில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இருபத்தாறு வருஷம் கழித்து, ஒரு டிஷ்யூ கட்டைப் பிடித்துக்கொண்டு, பேபிக்கு அது புரிந்தது.

சினேகா பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்ப்பவள். விஷயத்தைக் கேட்டதும் மறுநாளே தாம்பரத்தில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் முற்றியிருந்தது. வயசுக்கு வருவதுதான், மெல்ல மெல்ல மஞ்சள் ஏறுவதால் இருப்பவருக்கே தெரியாது என்றார் டாக்டர் அம்மா. ஆபரேஷன் தேதி குறித்தார்கள். பேபி பயந்திருப்பாள் என்று மிருதுளா ஆறுதல் சொல்ல வந்தாள். சட்டை உரிப்பதற்கு முன்னால் பாம்பின் கண் பால் படிந்த மாதிரி மங்கிக் கிடக்கும்; அந்த நாட்களில் அதைத் தொந்தரவு செய்யக் கூடாது. பேபிக்கு அது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"எனக்கும் சட்ட உரியப் போவுது பாப்பா. நாலு நாள் யாரும் கிட்ட வராதீங்க," என்றாள்.

கட்டு அவிழ்த்த அன்று முதலில் தெரிந்தது நீலம்தான். ஆஸ்பத்திரி ஜன்னல் கம்பிக்கு அந்தப்பக்கம் வானம் அத்தனை நீலமாக இருக்கும் என்பதை அவள் மறந்தேபோயிருந்தாள். மகள் கட்டியிருந்த சந்தன நிறப் புடவை வெள்ளைப் புடவை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு கண்ணை மூடினால் ஒரு உலகம், இன்னொன்றை மூடினால் வேறொரு உலகம். பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எதிர் ஸீட்டுக்காரர் தன்னைப் பார்த்துக் கண்ணடிப்பதாக நினைத்து எழுந்து போய்விட்டார் என்று சினேகா பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பத்து நாள் கழித்துச் சேலையூருக்குப் போனாள். மாடிக்குப் போய் ஜன்னலடியில் உட்கார்ந்து, வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குட்டிகளைப் பார்த்தாள். காரமெல் ஒன்றுதான். மற்றவை நீலம் ஓடுகிற சுத்தச் சாம்பல். தேங்காய்ப் பத்தை அப்பட்டமான வெள்ளை, அதில் கொஞ்சம் ரோஜா. தான் பிரித்துக் கொடுத்த தப்பான குட்டிகளுக்கு ஓவியாவிடம் தானே பேசுகிறேன் என்றாள். மிருதுளா போன் போட்டுக் கொடுத்தாள். என் கண்ணு கோளாறும்மா, குட்டிங்க மேல தப்பு இல்ல என்று பேபி சொன்னாள். ஓவியா குட்டிகளைத் திருப்பித் தரவில்லை. பழகிவிட்டது, பெயர்கூட வைத்துவிட்டேன், இருக்கட்டும் என்றாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பேபி வீட்டுக்குப் போகவில்லை. கேளம்பாக்கம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்துக் கோவளத்தில் இறங்கினாள். சவுரிமுத்து உயிரோடு இருக்கிறாரா என்பதே அவளுக்கு நிச்சயமில்லை. மீன் விற்கிற பெண்ணிடம் தோல் கம்பெனி சவுரிமுத்து என்று விசாரித்தாள். டேனியல் அப்பாவா, இருக்கிறாரே என்று அவள் கை காட்டினாள். படகுகள் ஏற்றி வைத்திருந்த மணலுக்கு இந்தப்பக்கம், தார்ப்பாய் நிழலில், ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். கண்ணாடி இல்லை. தூரத்தில் வரும்போதே அவளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷேடு மேஜ பேபியா?" என்றார்.

ஆமாண்ணா என்றாள் பேபி. பக்கத்தில் கவிழ்த்திருந்த பிளாஸ்டிக் கூடைமேல் உட்கார்ந்தாள். அவர் மருமகள் டீ கொடுத்துவிட்டு உள்ளே போனாள். தபீதாள் மகன் வீட்டோடு ஆம்பூரில் இருப்பதைப் பேபி சொன்னாள். மானேஜர் இறந்ததை அவர் சொன்னார். அவள் தன் கண் ஆபரேஷனைச் சொல்ல ஆரம்பித்து, டிஷ்யூவில் நின்று, தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னிக்கி ஒங்கள ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருக்கணும்ணா. நா லாட்ட எட்த்துகினு மானேஜர் ரூமுக்குப் போனேன்."

சவுரிமுத்து டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ சொன்னது கரெக்டுதாம்மா. அந்த லாட்டு மஞ்சதான்," என்றார். டீ டம்ளரைக் கீழே வைத்தார். "கோயில்ல கேம்ப் போட்டாங்க, அதுல ஆபரேசன் ஆச்சி. கட்டு அவுத்த அன்னிக்கி ஒன்னாண்ட வந்து சொல்லணும்னு நெனச்சேன். ஒனக்கும் வரும், முன்னாடியே போயி காட்டிக்கோன்னு. அப்புறம், சொன்னா சாபம் குடுத்த மாரி இருக்கும்னு உட்டுட்டேன்."

பேபி அழுதாள். அவர் தடுக்கவில்லை. உள்ளேயிருந்து யாரும் வந்து பார்த்துவிடாமல் மட்டும் நாற்காலியை லேசாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அப்புறம் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துக் குட்டிகளின் படங்களைக் காட்டினாள். பாம்பா என்று முதலில் அவர் பின்வாங்கினார். பேபி ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னாள், பப்பாளி, மழைக்காலத்து ரோடு, தேங்காய்ப் பத்தை. அவர் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்தார், தள்ளி வைத்தார், நிழலில் பிடித்தார். போனில் பார்த்து ஷேடு சொல்ல முடியாது என்று கடைசியில் திருப்பிக் கொடுத்தார். அவள் கிளம்பும்போது டேனியல் படகிலிருந்து வந்து, கையளவு சங்கரா மீனை இலையில் சுற்றிப் பையில் போட்டுக் கொடுத்தான். பஸ்ஸில் பக்கத்து ஸீட்டு காலியாகவே வந்தது. பேபிக்கு அது பழைய நாள் மாதிரி இருந்தது.

பங்குனியில் வலது கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்தது. ஞாயிறு தவறாமல் கோவளத்திலிருந்து போன் வரும். குட்டிகள் எப்போது பொரியும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆடியில் பன்னிரண்டு பொரிந்ததைச் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை காலை டேனியல் ஏற்றிவிட்ட ஆட்டோவில் சவுரிமுத்து சேலையூர் வந்து இறங்கினார். லக்ஷ்மிநாராயணன் வாசலுக்கு வந்து கை கொடுத்து உள்ளே கூட்டிப்போனார். என்ன சார், எங்கே வேலையிலிருந்தீர்கள் என்று விசாரித்தார். தாமும் வாழ்நாளெல்லாம் சரி, தப்பு போட்டவர்தான் என்று சொல்லிக்கொண்டார். மாடிப்படியை சவுரிமுத்து நின்று நின்று ஏறினார். பேபி தன் நாற்காலியில் அவரை உட்காரவைத்துவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்தாள்.

மூன்று சாம்பல் குட்டிகள் இருந்தன. முதலாவதைப் பார்த்து இருவரும் சுத்தச் சாம்பல் என்றார்கள். இரண்டாவதில் மஞ்சள் இருக்கிறது என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். மிருதுளா எழுதி ஒட்டினாள். மூன்றாவதில் மாட்டிக்கொண்டது.

"மஞ்ச இழுக்குதுணா."

"இல்லம்மா. அது ஜன்னலாண்ட வெயில் ஏறிச்சி. சுத்தம்."

டப்பாவை இந்தப்பக்கம் திருப்பினார்கள், அந்தப்பக்கம் திருப்பினார்கள். வெயில் இறங்கட்டும் என்று பேபி ஜன்னல் திரையைப் பாதி இழுத்தாள். அவர் முழுதாகத் திறக்கச் சொன்னார். கீழே இருந்து லக்ஷ்மிநாராயணன், காபி ஆறுகிறது என்று இரண்டு தரம் குரல் கொடுத்தார். மிருதுளா பென்சிலை வைத்துக்கொண்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் போனால் அதுவே சொல்லிவிடும், அதுவரை எதுவும் எழுத வேண்டாம் என்றாள்.

சரி, மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை வருகிறேன் என்றார் சவுரிமுத்து.